பேர் வெட்டின பாத்திரங்கள்

அக்காவுக்கு என்ன பரிசு வாங்கித் தரலாம் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டதில் பாதியாவது என் கல்யாணத்துக்கு முன்னால் யோசித்திருந்தால், திருத்தணிக்கே வந்திருக்க வேண்டியதில்லை. வந்ததில் இப்போது எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. வராமல் இருந்திருந்தால் அக்காவைத் தெரியாமலே போயிருக்கும்.

உறவுமுறையில் அக்கா இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் அவர் ஆபீஸ் அசிஸ்டென்ட். பழைய கோப்புகள் அடுக்கியிருந்த அறையின் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கணவர் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகளைப் படிக்கவைத்துச் சென்னையில் கட்டிக்கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை, வீடு காலி பண்ணுகிறவர்களிடம் சாமான் வாங்குவது.

பழைய சாமான்மீது ஆசை என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். காயலான் கடைப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். “அங்க கெடக்கறதெல்லாம் சாமானா? யாருது எவருதுன்னே தெரியாது. இரும்பு வேற, சாமான் வேற” என்பார். அவருக்கு வேண்டியது ஒரு வீடு, அந்த வீட்டில் ஒரு பொம்பளை, அவள் எடுத்துப்போக முடியாமல் விட்டுப்போகும் பொருள். மாற்றலாகிப் போகிறவர்கள், ரிட்டயராகிச் சொந்த ஊருக்குப் போகிறவர்கள், மகனோடு இருக்கப் பெங்களூர் போகிறவர்கள் என்று திருத்தணியில் இதற்கு எப்போதும் பஞ்சமில்லை. ஆபீஸும் பேங்க்கும் பள்ளிக்கூடமும் உள்ள ஊரில் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது மூட்டை கட்டிக்கொண்டேதான் இருப்பார்கள்.

யார் எப்போது கட்டுவார்கள் என்பது அக்காவுக்கு முன்கூட்டியே தெரியும். அலுவலகத்துக்கு வரும் தபாலைப் பிரித்து அடுக்குவது அவர் வேலை. ஒரு தடவை எங்கள் மேலதிகாரி வீட்டுக்குக் கோப்பு கொண்டுபோனார். முன்னறையில் கிடந்த தேக்குக் கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். குனிந்து காலைத் தட்டிப் பார்த்தார். பிறகு, “சார், இத குடுக்கறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க சார்” என்றார்.

“நான் எதுக்கும்மா கட்டிலைக் குடுக்கணும்?”

“ஆங்... அப்போ உங்களுக்கு இன்னும் தெரியாதுங்களா?” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாராம்.

அந்த மனிதர் இரண்டு நாள் அக்காமேல் எரிந்து விழுந்தார். மூன்றாம் நாள் மாற்றல் உத்தரவு அவர் மேஜைக்கு வந்தது. நான்காம் நாள் அவரே ஆள் விட்டு அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். கட்டிலுக்கு அக்கா பேசிய பேரத்தை அவர் மனைவி வெகுநாள் வரைக்கும் மறக்கவில்லை என்று கேள்வி. அதிலிருந்து அக்கா யார் வீட்டுக்குள் நுழைந்து எந்தச் சாமானை உற்றுப் பார்த்தாலும் அந்த வீட்டுக்காரர் தனக்கு மாற்றல் வந்துவிட்டதா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்.

என் வீட்டுக்கும் அப்படித்தான் ஒரு நாள் வந்தார். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது நாள். மூன்று வயது மகளோடு ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு ஸ்டவ். அவ்வளவுதான் என் குடும்பம். காஞ்சிபுரம் பக்கத்தில் இருந்த புருஷன் வீட்டிலிருந்து நான் எப்படிக் கிளம்பி வந்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. கட்டின புடவையோடு வந்தேன் என்று சொன்னால் போதும். அக்கா வாசற்படியில் நின்றபடியே உள்ளே பார்த்தார். முன்னறை, சமையலறை இரண்டும் அங்கிருந்தே தெரிந்தன.

“இன்னா கண்ணு, காலி பண்றியா?”

“இல்லக்கா. இப்பதான் வந்திருக்கேன்.”

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துப் பல மாதம் ஆகியிருந்ததால் அது அழுகையில் போய் முடிந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. உள்ளே வந்து சுவரோரமாக நடந்து, காலடியால் அளந்து, “இங்க பீரோ. தோ, இந்த மூலையில கட்டில். கொழந்தைக்கு ஒரு சின்ன நாற்காலி. ரெண்டு மாசம் குடு” என்றார்.

ஒன்றரை மாதத்திலேயே முடித்துவிட்டார். பள்ளிப்பட்டிலிருந்து மாற்றலாகிப் போன ஒரு டீச்சர் வீட்டுப் பீரோ. ஆந்திராவுக்குப் போன பேங்க்காரர் வீட்டுக் கிரைண்டர். சின்ன நாற்காலி யாருடையது என்று மறந்துவிட்டது, ஆனால் அதில் உட்கார்ந்துதான் என் மகள் எழுத்து கற்றாள். எதையும் சும்மா கொடுக்கவில்லை. வாங்கின விலையோடு வண்டிக்கூலியையும் சேர்த்து என்னிடம் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு எனக்கு அது சற்றுக் கசந்தது. இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா என்று தோன்றியது. யாராவது இரக்கப்பட்டு ஒரு தட்டு கொடுத்தாலே கூசிப் போயிருந்த காலம் அது. காசு கொடுத்து வாங்கின வீட்டில் நான் தலைநிமிர்ந்து நடந்தேன் என்பது பின்னால்தான் புரிந்தது.

அக்காவின் வீடு மலைக்குப் போகிற சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. முதல் தடவை போனபோது சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்: “கண்ணு, விசாலாட்சிய இப்பிடி எடுத்துகினு வா.” நான் விழித்தேன். வீட்டில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. “அலமாரில பாரு. கோமதிக்குப் பக்கத்துல.”

அலமாரி முழுக்கப் பாத்திரங்கள். எல்லாம் காலி பண்ணின வீடுகளில் வாங்கியவை. நம் வீடுகளில் சீராக வரும் பாத்திரத்தில் பேர் வெட்டாமல் விடுவார்களா? ஒவ்வொன்றின் விளிம்பிலும் யாரோ ஒருத்தியின் பெயர். க. விசாலாட்சி என்று வெட்டியிருந்த தூக்கில் பால் இருந்தது. கோமதியில் தயிர். ‘ராஜம்மாள் அன்பளிப்பு’ என்றிருந்த அடுக்கில் அரிசி. தெலுங்கில் பேர் வெட்டின ஒரு சொம்பும் இருந்தது, அதைப் பூக்காரம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டாராம். பேரை மட்டுமில்லை, அந்தப் பெண்களின் கதையும் அவருக்குத் தெரியும். வாங்கும்போதே, “இது யாரு குடுத்ததுங்க?” என்று கேட்பார். கேட்டால் யாராக இருந்தாலும் சொல்லிவிடுவார்கள். விசாலாட்சிக்கு மூன்றும் பெண் குழந்தைகள், மூன்றும் டாக்டர். ராஜம்மாள் கொடுத்தது தம்பி பெண்டாட்டிக்கு, அப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இத்தனை பேரும் தன் சமையலறையில் ஒன்றாக இருப்பதில் அக்காவுக்கு ஒரு பெருமை.

பேரம் பேசுவதைப் பற்றி ஒரு நாள் கேட்டேன். அவருக்கு அப்போது கையில் காசில்லாமல் இல்லை. ஐம்பது ரூபாய்க்காக அரை மணி நேரம் எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்?

“கேட்ட வெலைக்கே நான் வாங்கிகினு வந்துட்டேன்னு வை, அந்தம்மா ராவெல்லாம் தூங்க மாட்டாங்க. இன்னும் கொஞ்சம் சேத்து சொல்லியிருக்கலாமேன்னு நெனச்சிகினே இருப்பாங்க. நல்லா பேசி வாங்கினா, பரவால்ல, நல்ல வெலைக்குத்தான் போச்சின்னு நிம்மதியா வண்டி ஏறுவாங்க” என்றார். “அதில்லாம, பேரம் பேசறப்பதான் அந்தச் சாமானப் பத்தி நல்லதா நாலு வார்த்த அவங்க வாயால வரும். அது அவங்களுக்கே வேணும் கண்ணு.”

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர் பேரம் பேச மாட்டார். திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். வீட்டுக்காரர் இறந்து மூன்று மாதம். அந்த அம்மா பிறந்த வீட்டோடு போகப்போகிறார். சைக்கிளும் எழுதும் மேஜையும் வாசலில் நின்றன. சொன்ன விலை அதிகம், எனக்கே தெரிந்தது. அக்கா வாயைத் திறக்காமல் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு நடந்தார். பஸ்ஸில் கேட்டதற்கு, “சாவு வீட்டுல எவளாவது பேரம் பேசுவாளா?” என்று என்மேல் பாய்ந்தார். அக்காவின் இந்த வழக்கம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சொல்லப்போனால் பலரும் அதைப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அந்தக் காஞ்சிபுரம் விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பா சீராகக் கொடுத்த பாத்திரங்கள் அத்தனையும் அங்கே மாட்டிக்கொண்டிருந்தன. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். ஒவ்வொன்றிலும் அவரே கடையில் நின்று என் பேரை வெட்டிக்கொண்டு வந்தார். கேஸ் போட்டால் வாங்கலாம் என்றார்கள். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. விவாகரத்து முடிந்து அங்கே வேறு பெண் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, வேறு பேச்சு எதுவுமில்லாமல் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் யோசித்தார்.

“புதுசா வர்றவ பழைய பொண்டாட்டி பேரு வெட்டின பாத்திரத்துல சோறாக்குவாளா? வித்துடுவாங்க கண்ணு. வூடு எந்தத் தெரு?”

மறுநாள் லீவு போட்டார். எங்கே போகிறார் என்று சொல்லவில்லை. சாயங்காலம் என் வாசலில் ஆட்டோ நின்றது. இரண்டு சாக்கு மூட்டை. தெருவில் கூவிக்கொண்டு போகும் பாத்திரக்காரியாக அந்த வீட்டுக்குள் நுழைந்து, என் மாமியாரோடு மல்லாடிப் பேரம் பேசி, அத்தனையையும் வாங்கி வந்திருந்தார்.

“அந்தம்மா சாமானியப்பட்டவங்க இல்ல. நல்லாவே பேசினாங்க. நான் உடல. ‘பேரு வெட்டின பாத்திரம், தேச்சி அழிக்கணும், எனக்கு இன்னா மிஞ்சும்’னு சொல்லிகினே பாதிக்குக் கொண்டாந்துட்டேன்” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு என் பேரைத் தடவித் தடவிப் பார்த்தேன். அப்பாவின் கையைப் பிடித்தது போலிருந்தது. அக்கா டம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டு, “பஸ் சார்ஜும் ஆட்டோவும் சேத்துக் குடு” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இப்பேர்ப்பட்டவருக்கு நான் என்ன திருப்பித் தருவது? அங்கேதான் என் தலைவலி ஆரம்பித்தது.

முதலில் ஒரு பட்டுப் புடவை. வாங்கிக்கொண்டார், வாழ்த்தினார், அடுத்த முகூர்த்தத்தில் பள்ளிப்பட்டு நெசவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அது பெண்ணின் சித்தி உடம்பில் இருந்தது. பிறகு ஒரு குக்கர். அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் யாருக்கோ போய்விட்டது. பழையதுதானே பிடிக்கும் என்று நானே தனியாக ஒரு வீட்டுக்குப் போய் ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கி வந்தேன். “யாரு வூட்டுது? எவ்ளோ சொன்னாங்க? எவ்ளோக்கு முடிச்ச?” என்று மூன்று கேள்வி. மூன்றாவதில் நான் மாட்டிக்கொண்டேன். கேட்ட விலைக்கே வாங்கியிருந்தேன். கடிகாரம் அவர் வீட்டில் மாட்டப்படவே இல்லை. ஒரு தீபாவளிக்கு அவர் செல்போனில் பழைய சாமான் வாங்கி விற்கும் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். விரலால் தள்ளித் தள்ளி நூறு பீரோ பார்த்தார். “படத்தத் தட்டிப் பாத்தா சத்தம் வருமா?” என்று அதை எடுத்துவிடச் சொன்னார்.

கடைசியாக எனக்கு ஒரு யோசனை வந்தது. உலகத்தில் உள்ள பெண்கள் பேரெல்லாம் இவர் அலமாரியில் இருக்கிறது, இவர் பேர் மட்டும் இல்லையே! அவர் ரிட்டயர் ஆன அன்றைக்கு நல்ல கனமான எவர்சில்வர் குடம் வாங்கி, கொட்டை எழுத்தில் அவர் பேரை வெட்டிக் கொடுத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்தபின் குடத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“எம் பேரு எனக்குத் தெரியாதா கண்ணு? இத வச்சிகினு நான் யார நெனைக்கறது?”

அந்தக் குடத்தை மட்டும் அவர் யாருக்கும் தள்ளிவிடவில்லை, எனக்கே திருப்பிக் கொடுத்தார். இங்கே அவர் பேரை நான் எழுதாமல் விடுவதும் அதனால்தான். தன் பேரைத் தானே வாசிப்பதில் அவருக்கு ஒரு சுவாரசியமும் இல்லை.

ரிட்டயர் ஆன இரண்டாவது வருஷம், ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் காவடிக்கு வழிவிட்டு ஒதுங்கும்போது படியில் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கினாலும் தனியாக இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. மகள் நல்ல பெண். அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போவதில் அவளுக்குத் துளித் தயக்கம் இல்லை. “அம்மா, எங்க ஃபிளாட்டுல எல்லாமே இருக்குது. நீ ஒரு துணிப்பையோட வந்தா போதும். இந்தப் பழசையெல்லாம் இங்கியே குடுத்துடு” என்றாள். ஆசையாகத்தான் சொன்னாள்.

“சரிம்மா” என்றார் அக்கா. “எனக்கு ஒண்ணும் வேணாம்.”

அந்தக் குரல் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. விலை சொன்னால் எதிர்விலை சொல்லாமல் வாய் மூடாத மனுஷி. ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அடுத்த நாட்களில் சாப்பாடு குறைந்தது. பாத்திரங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். “அந்தத் தூக்க எடு” என்றார். விசாலாட்சி வெறும் தூக்காகிவிட்டாள். இப்படியே சென்னைக்குப் போனால் இவர் அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. இதைத் தடுக்க என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்பதுதான் அந்த வாரம் முழுவதும் என் கவலை.

காலி பண்ணும் நாள் ஞாயிற்றுக்கிழமை. சாமான்களை வாசலில் பரப்பி வைத்தோம். அக்கா நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், வாக்கர் பக்கத்தில். யாரும் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தேன். சந்து கொள்ளாத கூட்டம். ஆபீஸில் பாதிப் பேர், இஸ்திரிக்காரர், பூக்காரம்மா, மலையில் மடப்பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு குடும்பம். ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு பொருளை எடுத்தார்கள், அக்கா விலை சொன்னார், மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போனார்கள். கட்டில் போனது. கோமதி போனாள். ராஜம்மாள் போனாள். எவ்வளவு மரியாதையான ஜனங்கள் என்று எனக்குக் கண் கலங்கியது. அக்காவின் முகமோ இறுகிக்கொண்டே போனது.

“கண்ணு, இங்க வா.”

குனிந்தேன்.

“நான் செத்துட்டனா?”

“இன்னாக்கா பேச்சு இது?”

“யாருமே கொறச்சிக் கேக்கலயே.”

எனக்குச் சுரீரென்றது. ஊரில் பேரம் பேசாமல் வாங்கும் வீடு ஒன்றே ஒன்றுதான். அதை ஊருக்குப் பழக்கினவரே அவர். அன்பால் வாயைக் கட்டிக்கொண்டு வந்த அத்தனை பேரும், அவர் கண்ணெதிரிலேயே அவருடைய சாவு வீட்டை நடத்திக்கொண்டிருந்தார்கள். கூட்டிக்கொண்டு வந்தவள் நான்.

சுற்றும்முற்றும் பார்த்தேன். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை இட்லிக் குண்டான் இருந்தது. பங்கஜம் என்று பேர் வெட்டினது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் மனைவியிடம் அவர் வாங்கிய முதல் சாமான் அது. காலையிலிருந்து அவர் கை அதன் மூடிமேல்தான் இருந்தது. நான் அதைக் காட்டி, வேண்டுமென்றே உரக்கக் கேட்டேன்.

“இது எவ்ளோக்கா?”

“ஆயிரத்து ஐந்நூறு.”

“முந்நூறு.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அக்காவின் மகள், “என்னக்கா இது?” என்று என்னை முறைத்தாள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இன்னாது?”

“அடி நசுங்கியிருக்குது. முந்நூறே அதிகம்.”

“எங்க நசுங்கியிருக்குது? காட்டு. காட்டுடி! இதுல நாப்பது பேருக்கு இட்லி ஊத்தியிருக்கறேன். பித்தள இன்னா வெல விக்குது தெரியுமா உனக்கு?”

“மூடியே சரியா உக்காரல.”

“உன் வாய்தான் சரியில்ல. ஆயிரத்து முந்நூறு. ஒனக்காக.”

“முந்நூத்தி அம்பது.”

அவர் ஸ்டேஷன் மாஸ்டர் மனைவியைப் பற்றிச் சொன்னார். பங்கஜம் அந்த அம்மாவின் அம்மா பேர். நான் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் நானூறுக்கு வந்தேன். அவர் ஆயிரத்துக்கு வந்தார். இஸ்திரிக்காரர் அக்கா பக்கம் பேசினார், பூக்காரம்மா என் பக்கம். அக்காவின் கன்னம் சிவந்து, குரல் பழைய குரலாகிவிட்டது. எனக்கு மனசெல்லாம் பூரித்தது. அப்போதுதான் அவர் சொன்னார்:

“எண்ணூறு. அதுக்குக் கீழ பைசா கெடையாது. எடுத்துகினு போ.”

நல்ல விலை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஐந்நூறு என்று சொல்லியிருந்தால் அறுநூறில் முடிந்திருக்கும், குண்டான் என் வீட்டுக்கு வந்திருக்கும். அவர் துணிப்பையோடு போயிருப்பார். அவர் கை இன்னும் மூடியை விடவில்லை. பேரத்தில் ஏறலாம், நின்ற இடத்திலேயே நிற்கலாம். சொன்ன விலையிலிருந்து இறங்கக் கூடாது. இறங்கினால் அது விற்கிறவரை அவமானப்படுத்துவது. எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூட அது தெரியும்.

“இருநூறு” என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். அப்புறம் வெடித்தார்.

“நானூறு சொன்ன வாயால இருநூறா? எந்த ஊரு நாயம் இது? போடி! உனக்கு இல்ல. எவளுக்கும் இல்ல. இத நான் குடுக்கறதா இல்ல, போ!” என்று குண்டானை இழுத்து மடிமேல் வைத்துக்கொண்டார். இடுப்பு வலியைக்கூட மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு சந்தில் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. என்னைப் பார்த்துத் துணிச்சல் வந்ததோ, விஷயம் புரிந்ததோ, பூக்காரம்மா ஒரு ஸ்டூலை ஆட்டிக் காட்டி, “நாலு காலுல ஒண்ணு லீவு போட்டுடுச்சி, இதுக்கு இவ்ளோவா?” என்று ஆரம்பித்தார். இஸ்திரிக்காரர் கிரைண்டரின் கல்லைக் குறை சொன்னார். ஆபீஸில் வாய் திறக்காத ஒருவர் ஒரு பீரோவுக்காக அக்காவிடம் வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அக்கா ஒவ்வொருவரையும் ஒரு கை பார்த்தார். மதியம் நான்கு இட்லி சாப்பிட்டார். குரல் கம்மிப்போகும் வரை பேசினார்.

என்னோடு மட்டும் பேசவில்லை. கோபம் உண்மையா, நடிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் மருமகன் காரைச் சந்து முனையில் கொண்டுவந்து நிறுத்தினார். அக்காவைப் பிடித்து முன் சீட்டில் உட்காரவைத்தோம். குண்டானையும் மடியில் வைத்துக்கொண்டு, மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டார். துணிப்பையோடு பின்னால் வந்த மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

“அம்மா, ஒண்ணும் வேணாம்னு நீதான சொன்ன? இத எதுக்கு எடுத்துகினு வர்ற?”

அக்கா கண்ணாடியை இறக்கி, அன்றைக்கு முதல்தடவையாக என்னை நிதானமாகப் பார்த்தார்.

“நான் இன்னா பண்றது? வெல படியல” என்றார்.